உறைந்த சினைப்பையில் உயிர் இருக்கிறதா?



மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குத் திரவ நைட்ரஜன் புதிதல்ல. சினை ஊசி போட வருபவர் மூடியைத் திறந்ததும் புகை கிளம்புமே, அந்தக் கேனில் இருப்பது அதுதான். மைனஸ் 196 டிகிரி குளிர். அதில் உறைந்த காளை விந்து ஆண்டுக்கணக்கில் கெடாது. உருக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நீந்துகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

பெண்ணின் சினைப்பை நீந்தாது. சிக்கலே அங்கேதான்.

புற்றுநோய்க்கான கீமோ மருந்தும் கதிர்வீச்சும் கருமுட்டைகளை அழித்துவிடக்கூடும். வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சில நாள் ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை எடுத்து வைக்கலாம். சிறுமிக்கு அந்த வழியே இல்லை. அதனால் சினைப்பையின் மேலோட்டைச் சீவி, மெல்லிய துண்டுகளாக உறைய வைக்கிறார்கள். முட்டைகள் உறங்கும் நுண்பைகள் பெரும்பாலும் அந்த மேலோட்டில்தான். பனிப்படிகம் செல்லைக் கிழிக்காமலிருக்க டிஎம்எஸ்ஓ போன்ற மருந்து சேர்ப்பதுண்டு. 1978இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி கருவை உறைய வைக்கப் பயன்படுத்தியதும் இதே மருந்துதான்.

துண்டு பிழைத்ததா? ஒரு துணுக்கை உருக்கி நியூட்ரல் ரெட் சாயத்தில் ஊற வைத்தால், உயிருள்ள நுண்பைகள் சிவப்பேறும். நோயெதிர்ப்பு இல்லாத எலியின் உடலில் வைத்தும் வளர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் நுண்பைகள் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு துணுக்கில் கூட்டமாக இருக்கும், பக்கத்துத் துணுக்கில் ஒன்றுகூட இராது. ஒன்றைச் சோதித்து மற்றதற்கு உத்தரவாதம் தர முடியாது.

இதில் வேடிக்கை, குளிரைவிடப் பெரிய எமன் வேறு. துண்டைத் திரும்ப உடலில் வைத்தபின், புது ரத்தக் குழாய்கள் வந்து சேரும் வரை சில நாள் பட்டினி. நுண்பைகளில் பாதிக்கு மேல் அப்போதே மடிந்துவிடலாம்.

ஆக, கடைசித் தீர்ப்பு உடல் சொல்வதுதான். பெல்ஜியத்தில் ஹாட்ஜ்கின் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் துண்டுகள் 1997இல் உறைந்தன; 2003இல் மருத்துவர் ழாக் டொன்னேயின் குழு அவற்றைத் திரும்ப வைத்தது. ஐந்தாவது மாதத்தில் மாதவிடாய்ச் சுழற்சி மீண்டது. 2004 செப்டம்பரில் பெண் குழந்தை. தலசீமியா என்ற ரத்த நோய் கொண்ட துபாய்ச் சிறுமி ஒருத்திக்கு, 9 வயதில் இங்கிலாந்தின் லீட்ஸில் எடுத்து வைத்த துண்டு, 2016 டிசம்பரில் லண்டனில் ஆண் குழந்தையைத் தந்தது.

ரத்தப் புற்றுநோய் என்றால் கணக்கே மாறுகிறது. நுண்பை பிழைத்த அதே குளிரில் புற்றணுவும் பிழைத்திருக்கலாம். அதனால் அத்துண்டைத் திரும்ப வைக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நுண்பையை மட்டும் பிரித்து, ஆய்வுக்கூடத்திலேயே முட்டையாக முதிரவைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.