பருவ வயதுப் பிள்ளைகளின் கேள்விகளுக்குச் செவிகொடுப்போம்
(திருநாவலூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவர் பதினெட்டு வயது வரையே வாழ்ந்தார் என்பது சைவ மரபு. அந்த இளைஞர் பாடியவற்றைப் பெரியவர்கள் ஏழாம் திருமுறையாகக் காத்து வைத்தார்கள். நம் சபைகளில் அதே வயதுப் பிள்ளைகளைப் பாட்டுக்கும் நாடகத்துக்கும் அழைக்கிறோம். அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

நம் முன்னோர் பிள்ளைகளை மறந்தவர்கள் அல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு விரைவிலேயே பள்ளிகளைத் தொடங்கினார். லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்புவித்துத் திடப்படுத்தல் பெற்ற தலைமுறைகள் உண்டு. 1881-இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளார்க் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கம், கூட்டம் நடத்தும் பொறுப்பையே வாலிபர் கையில் கொடுத்தது.

ஞானோபதேசத்தில் கேள்வியும் பதிலும் அச்சிலேயே இருந்தன. இன்று கேள்வி பிள்ளைகளிடமிருந்து வருகிறது. அதற்குக் கைபேசி முதலில் பதில் சொல்லிவிடுகிறது. போதகரிடம் வருவது பிறகுதான்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. அதனால் உயிர் தப்புகிறவர்களும் பார்வை இழக்கலாம். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் வழங்குவதாக அரசு அறிவித்தது. அது நல்ல உதவி. ஆனால் தகப்பனுடைய குடியை நினைத்து வெட்கப்பட்டு, அதே தகப்பனுக்காக அழுகிற பிள்ளையின் மனதுக்கு யார் துணை? குடியால் நோயுற்றவர் படுத்திருக்கும் எந்த வார்டிலும், கட்டில் அருகே அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கடவுள் ஏன் தடுக்கவில்லை என்று அது கேட்கும். அவசரப் பதில் அந்தக் காயத்தை ஆற்றாது.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். அவர்கள் அவரை விரட்டவில்லை. நாங்களும் அதையே முதற்கடமையாகக் கொள்கிறோம்.

பிள்ளை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் பிரசங்கம் செய்வதில்லை. நம்பிச் சொன்னதை ஊரில் பேசுவதில்லை. ஆனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மறைப்பதும் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த மதத்துப் பிள்ளையானாலும் ஆறுதல் ஒன்றே; அதற்கு விலையாக ஞானஸ்நானம் கேட்பதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை மருந்தாகவும் படுக்கையாகவும் ஏழைகளுக்குச் சேருகிறது. இன்னொன்றும் கேட்கிறோம். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது. அப்படி வீட்டில் துணை இல்லாத ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் அல்லது காப்பாளர் அறிய, சபையின் பொறுப்பில், வாரம் ஒரு மாலை கொடுங்கள். பாடம் சொல்லிக்கொடுங்கள், பேசவிட்டுக் கேளுங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்தாமல், பள்ளிப் படிப்பு முடியும்வரை தொடருங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.