அறியா வினாவும் ஐய வினாவும்



வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில், இணையத்தில் வினா எழுப்பும் முறை பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். பொருள் புதிது, அதற்குரிய இலக்கணமோ நம்மிடம் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கின்றது. அவ்வாறனுள் இரண்டு இங்கு நமக்கு வேண்டும். ஒன்றும் அறியாத நிலையில் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என மயங்கிக் கேட்பது ஐய வினா.

நிரல் எழுதப் பயிலும் மாணவர் ஒருவர், "கணிப்பொறி தவறாகக் கூட்டுகிறதே, ஏன்?" என்று கேட்பதாகக் கொள்வோம். அஃது அறியா வினா. விடை கூறுவோர் எங்கிருந்து தொடங்குவது? அவரே சற்று முயன்றபின் இவ்வாறு கேட்கலாம்: "பைதான் மொழியில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினேன். 0.3 வருமென எதிர்பார்த்தேன், 0.30000000000000004 வந்தது. பிழை என் நிரலிலா, எண்ணைச் சேமிக்கும் முறையிலா?" இஃது ஐய வினா. செய்தது, எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகிய மூன்றும் இதில் உள்ளன. விடையும் விரைவில் கிட்டும். மூன்றில் ஒன்றைப் பதின்ம எண்ணில் முடிவுற எழுத இயலாதது போல, பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவுற எழுத இயலாது. அதனால் எழுந்த சிறு எச்சமே அது. அறியாமையை ஐயமாகச் சுருக்கிவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டதெனலாம்.

பண்பாட்டிற்கும் இதுவே நெறி. "தமிழர் ஏன் இச்சடங்கைச் செய்கின்றனர்?" எனப் பொதுவாகக் கேட்டால் ஊகங்களே வந்து குவியும். எந்த ஊரில், யார் வீட்டு நிகழ்ச்சியில் கண்டது என்று சேர்த்துக் கேட்டால், "எங்கள் பக்கம் அவ்வழக்கம் இல்லை" என்றேனும் பிறர் உறுதியாகக் கூற இயலும்.

அறிவியலிலும் வெளிப்படையான வினா பெரும்பயன் தந்துள்ளது. 2009 சனவரியில் கணித அறிஞர் திமோதி கவர்ஸ், பலர் கூடி ஒரு கணிதச் சிக்கலைத் தீர்க்க இயலுமா என இணையத்தில் வினவினார். முதிராத எண்ணங்களையும் எழுதுமாறு வேண்டினார். சில வாரங்களிலேயே ஹேல்ஸ்-ஜூவெட் தேற்றத்தின் அடர்த்தி வடிவிற்குப் புதிய நிறுவல் உருவாயிற்று. பாலிமத் என்னும் கூட்டுப்பெயரிலேயே அது வெளியாயிற்று.

இன்று ஒரு கவலை எழுந்துள்ளது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2008 முதல் நிரலர்கள் பலரறியக் கேட்டுவந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், அதன்பின் புதிய வினாக்கள் பெரிதும் குறைந்துவிட்டன. கேட்கக் கூசுவோர்க்குப் பொறி நல்ல துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தனியே கேட்டுப் பெற்ற விடை அடுத்தவரைச் சென்றடைவதில்லை. அது பிழையாயின் திருத்துவாரும் இல்லை. ஆங்கிலத்திலாவது முன்னரே சேர்ந்த இருப்பு உண்டு. தமிழில் கேட்கப்பெற்று விடை பெற்ற நிரல் வினாக்களோ மிகச் சிலவே. அச்சிறு ஊற்றும் தூர்ந்துவிடலாகாது.

ஆதலின், நம்முள் ஒவ்வொருவரும் ஓர் ஐயத்தையேனும் தமிழில், பலரறிய எழுதுவோம். பொறியிடம் விடை பெற்றாலும் சரிபார்த்து அவ்விடத்திலேயே பதிவு செய்வோம். நாளை அதே இடத்தில் தடுமாறும் மாணவருக்கு அது வழிகாட்டும்.