பஸ்ஸில் போகாதவர்களுக்கும் பஸ் வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் சம்ப் சுத்தம் செய்வதற்கும் விசிட்டர் பார்க்கிங்குக்கும் நடுவில் செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். பார்க்கிங் விஷயத்தில் பலருக்குப் பேச நிறைய இருக்கும் என்பதால் நேரத்தை மீற மாட்டேன்.

பஸ்ஸைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் லிஃப்டில் ஒரு நண்பர் கேட்டார்: "நம்ம அபார்ட்மென்ட்ல யார் சார் பஸ்ல போறாங்க?" நியாயமான கேள்வி. போகிறவர்கள் குறைவுதான். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். நம் அபார்ட்மென்டுக்கு யார் யார் பஸ்ஸில் வருகிறார்கள்?

நாளைக் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை கேட் பக்கம் நின்று பாருங்கள். சமையல் செய்கிற அம்மா, பாத்திரம் தேய்த்துத் துடைப்பவர், இரவு ஷிஃப்டை மாற்ற வரும் செக்யூரிட்டி, படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர், தோட்டக்காரர். இவர்களில் டூ வீலரில் வருபவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறார்கள். அவர்கள் வந்த பிறகுதான் நம்மில் பலர் ஆபீசுக்குக் கிளம்ப முடிகிறது. ஆக, நாம் காரில் ஏறுவதற்கு முன்பே ஒரு பஸ் நமக்காக ஓடி முடித்திருக்கிறது.

அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அடையாற்றங்கரை, கூவக்கரை, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் என்று ஊருக்கு நடுவே குடியிருந்தவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியமர்த்தப்பட்டன. வீடு அங்கே போயிற்று. வேலை பலருக்கும் இங்கேயே, அடையாறு, மந்தைவெளி, திருவான்மியூர் பக்கமே நின்றுவிட்டது. முன்பு நடந்து வந்த இடத்துக்கு இப்போது பஸ் ஏறி வர வேண்டும். இரண்டையும் இணைக்கிற ஒரே கயிறு பஸ்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆனால் அந்த 888 ரூபாய், பஸ் வந்தால்தான் மிச்சம். வராவிட்டால் ஷேர் ஆட்டோ. ஒரு நடைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 ரூபாய். அரசு ஒரு கையில் கொடுத்ததை, வராத பஸ் இன்னொரு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. நாம் வருடத்துக்கு ஒருமுறை யோசித்து யோசித்துக் கொடுக்கும் சம்பள உயர்வு இதில் எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, பஸ் எப்படிக் குறைகிறது? பழைய சென்னைவாசிகளுக்கு 'கட் சர்வீஸ்' தெரியும். கடைசி ஸ்டாப் வரை போகாமல் நடுவில் ஓரிடத்தில் திரும்பிவிடும் பஸ். அதில் ஒரு நேர்மை இருந்தது. 'கட்' என்று போர்டு மாட்டிக்கொண்டு வரும். வேண்டியவர் ஏறலாம், வேண்டாதவர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம். ஆனால் ஒரு வழித்தடம் தேய்வதற்குப் பெரும்பாலும் போர்டே கிடையாது. "நாளை முதல் ரத்து" என்று யாரும் அறிவிப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓய்வு நேரமும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு பஸ் எட்டு நடை ஓடும். நெரிசலால் அதே தூரத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனால், ஆறு நடைதான் ஓட முடியும். அதே பஸ், அதே டிரைவர், அதே கண்டக்டர். எந்த அதிகாரியும் எதையும் ரத்து செய்யவில்லை. ஆனால் நான்கில் ஒரு பங்கு சேவை காணாமல் போய்விட்டது. நெரிசலில் நாம் காரில் உட்கார்ந்து அலுத்துக்கொள்கிறோம். அந்த நெரிசலே பஸ்ஸை வெட்டிக்கொண்டிருக்கிறது.

அதோடு, தாமதமான பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் கூட்டம் அதிகமாகச் சேரும். ஏற்றி இறக்க இன்னும் நேரமாகும். பின்னால் வரும் பஸ் காலியாக வேகமாக வந்து அதைப் பிடித்துவிடும். அதனால்தான் அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு ஒரே நம்பரில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தாளில் பார்த்தால் கால் மணிக்கு ஒரு பஸ். நிற்பவருக்கு அரை மணிக்கு ஒன்று.

இப்போது நம் பகுதிக்கு வருகிறேன். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் மூன்றாவது வழித்தடம் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, அடையாறு சந்திப்பு, இந்திரா நகர், திருவான்மியூர் என்று நம் பகுதியின் அடியிலேயே போகிறது. மெட்ரோ வரட்டும். நானும் ஏறுவேன். நீங்களும் ஏறுவீர்கள். ஆனால் தோண்டும் ஆண்டுகளில் சாலை குறுகுகிறது, ஒருவழி ஆகிறது, பஸ் வேறு தெரு வழியாகப் போகிறது, ஸ்டாப் தள்ளிப் போகிறது. இளைஞருக்கு நானூறு மீட்டர் பெரிய தூரமில்லை. முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த நானூறு மீட்டரோடு பஸ் பயணமே முடிந்துவிடும்.

என் கவலை தற்காலிக மாற்றத்தைப் பற்றியது இல்லை. அது நிரந்தரமாகிவிடும் விதத்தைப் பற்றியது. இரண்டு மூன்று வருடம் பஸ் சரியாக வரவில்லை என்றால் ஒருவர் கடன் வாங்கி ஸ்கூட்டி வாங்குகிறார். ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டருகே குறைந்த சம்பளத்துக்குப் போகிறார். ஒரு மாணவனை வேனில் சேர்த்துவிடுகிறார்கள். சாலை திரும்பத் திறக்கும்போது பழைய பயணிகள் இருக்க மாட்டார்கள். அப்போது, "அந்த ரூட்டில் கூட்டமே இல்லையே" என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவே இருக்கும்.

நம் வீட்டுக்குள்ளேயும் இது நடந்துகொண்டிருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகர் பேருந்துகளில் போக மாதம் 10 இலவச டோக்கன்கள் 2016-லிருந்து கொடுக்கிறார்கள். வாங்கி வைத்திருப்பவர்கள் வீட்டில் போய் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். எத்தனை டோக்கன் அப்படியே இருக்கின்றன? ஒவ்வொரு டோக்கனும் போகாமல் விட்ட ஒரு கபாலி கோயில், பார்க்காமல் விட்ட ஒரு பழைய நண்பர். மகன் கூட்டிப்போவான், ஆட்டோ புக் பண்ணித் தருவான், உண்மைதான். ஆனால் யாரையும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது வேறு. அந்தச் சுதந்திரம் போனது நமக்கே தெரியாமல் போயிருக்கிறது.

ஸ்டாப்பை ஒட்டியிருக்கும் டீக்கடை, பூக்கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் காத்திருப்பவர்களை நம்பி நடப்பவை. கூட்டம் போனால் கடை போகும். கடை போனால் இரவு எட்டு மணிக்கு மேல் அந்த இடம் இருட்டாகிவிடும். இருட்டான ஸ்டாப்பில் பெண்கள் நிற்கமாட்டார்கள். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். காலியாக ஓடும் பஸ்ஸை எதற்கு ஓட்ட வேண்டும், இருக்கிற பஸ்ஸைக் கூட்டம் பிதுங்கும் ரூட்டுக்கு அனுப்புவதுதானே சரி என்று கேட்கலாம். இதை நான் தள்ளிவிட மாட்டேன். பஸ்கள் அளவோடுதான் இருக்கின்றன. ஆனால் எந்த நேரத்தில் காலி என்று பார்க்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் காலியாகப் போகும் பஸ், காலை ஆறரைக்குப் படியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கும். நாளெல்லாம் பஸ் வேண்டும் என்று நாம் கேட்கத் தேவையில்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரை, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை உறுதியாக வேண்டும் என்று கேட்டால் அது நடக்கக்கூடிய கோரிக்கை. குறுகலான தெருக்களுக்கு 2013-இல் அறிமுகமான சிற்றுந்துகளை முன்னுதாரணமாகச் சொல்லிக் கேட்கலாம். 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தாழ்தளம் என்பதால் பெரியவர்கள் சிரமமின்றி ஏறலாம். புதிய பஸ் வரும்போது எந்த ரூட்டுக்குப் போகும் என்பதில், யார் கேட்டார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கும்.

இங்கேதான் சிக்கல். பஸ்ஸில் போகிறவருக்கு மனு எழுத நேரமில்லை. இரண்டு வீட்டு வேலை முடித்து வீடு போய்ச் சேரவே ராத்திரி ஆகிவிடுகிறது. மனு எழுதத் தெரிந்த, லெட்டர்ஹெட் வைத்திருக்கிற நாம் பஸ்ஸில் போவதில்லை. அதனால் யாருமே கேட்பதில்லை. இந்த இடைவெளியில்தான் ஒரு வழித்தடம் சத்தமில்லாமல் முடிந்துபோகிறது. இந்த இடைவெளியை அடைக்க நம் சங்கத்தால் முடியும். ஐந்து வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு மாதக் கணக்கு. காலை நடைக்குப் போகும் ஓய்வுபெற்றவர்கள் நம்மில் நிறைய பேர். ஆளுக்கு வாரம் ஒருநாள், அரை மணி நேரம் ஸ்டாப்பில் உட்கார்ந்து வந்த பஸ்ஸின் நம்பரையும் நேரத்தையும் எழுதினால் போதும். "பஸ்ஸே வரதில்லை" என்பதற்கு யாரும் பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. தேதியும் நேரமும் உள்ள தாளுக்குச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மூன்றே கேள்வி. நம் வழித்தடத்தில் தினமும் திட்டமிட்ட நடைகள் எத்தனை? கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் ஓடியவை எத்தனை? திருப்பிவிடப்பட்ட பஸ்கள் பணி முடிந்ததும் பழைய வழிக்குத் திரும்புமா? சண்டைத் தொனி வேண்டாம். கேள்வி போதும்.

மூன்றாவது, மனு. பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு பணிமனைக் கிளை மேலாளர், பல்லவன் இல்லத் தலைமை அலுவலகம், வார்டு கவுன்சிலர், எம்.எல்.ஏ. நால்வருக்கும் ஒரே மனு. அதில் முதல் கையெழுத்துகள் நம் வீடுகளில் வேலை செய்பவர்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் ஏறுகிற பஸ், அவர்கள் சொல்கிற நேரம். நாம் தாளும் தபாலும் பார்த்துக்கொள்வோம். கட்டணமில்லாப் பயணத்துக்கும் கண்டக்டரிடம் சீட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிழிக்காத சீட்டு கணக்கில் ஏறாத பயணி.

நான்காவது, நம் கையிலேயே இருப்பது. நம் விருந்தாளிகளின் காரும் நமக்கு வரும் தண்ணீர் லாரியும் ஸ்டாப்பை மறித்து நிற்கின்றன. பஸ் நடுரோட்டில் நிற்கிறது; பெரியவர்கள் நடுரோட்டுக்கு ஓடி ஏறுகிறார்கள். அடுத்து வரும் பார்க்கிங் விவாதத்தில் இதையும் தீர்மானமாக எழுதுங்கள். பஸ் தாமதமானதற்காக வேலைக்கு வருபவர் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, ஏறுங்கள். மாதம் இரண்டு முறை போதும். 29சி-யில் பெரம்பூர் வரை, 5இ-யில் வடபழனி வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பஸ்ஸில் ஏறத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டால், பிறகு பஸ் வேண்டும் என்று கேட்கவும் ஆள் இருக்காது.

மெட்ரோ வந்து, சாலை மூடி, எல்லாம் சீராகிவிடும். அதுவரை இந்த வழித்தடங்கள் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் பிடித்து வைத்தால் போதும்.

ஸ்டாப்பில் உட்கார்ந்து நேரம் எழுத விருப்பமுள்ளவர்களுக்காக வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், பிளாட் நம்பர், எந்தக் கிழமை வசதி என்று எழுதுங்கள். பேனாவும் கயிற்றில் கட்டியிருக்கிறது.