மூழ்காத நகை



தங்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விலை ஏறுமா, இறங்குமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது தெரிந்திருந்தால் நான் இங்கே மைக் பிடித்து நிற்கமாட்டேன்.

ஆடிப்பட்டத்துக்கு முன் நகைக்கடன் கவுன்ட்டரைப் பாருங்கள். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் இழைக்கிறார். ஒரு துளி அமிலம் வைத்து நிறம் பார்க்கிறார். கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழிக்கிறார். மிஞ்சிய எடைக்குப் பணம். அந்தத் தங்கத்தின் மதிப்பு முழுவதும் கிடைக்காது, ஒரு பங்குதான். ஆனால் வில்லங்கச் சான்று வேண்டாம், ஜாமீன்தாரர் வேண்டாம். அந்த ரூபாய் விதையாகி, உரமாகி, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து நகையை மீட்கிறது.

நம் வீட்டில் பொன் இப்படிப் பணமாகிறது; உலகத்துப் பணமோ தங்கத்தை விட்டு விலகி வெகுகாலமாகிறது. 1931இல் பிரிட்டன் விலகியது. அவுன்ஸ் 35 டாலர் என்ற முடிச்சை 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் அவிழ்த்தார். நம் நாட்டிலோ 1957 சட்டத்திருத்தத்தின்படி ரிசர்வ் வங்கி நோட்டு அச்சடிக்கத் தங்கமும் அந்நியப் பத்திரங்களுமாக 200 கோடி ரூபாய் கைவசம் இருந்தால் போதும்; அதில் தங்கம் 115 கோடிக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். இன்று புழங்கும் நோட்டு 35 லட்சம் கோடிக்கு மேல். நோட்டை நீட்டி ஒரு குந்துமணிப் பொன் கேட்க முடியாது. பொன்னை வைத்துப் பணம் எடுக்கும் வழக்கம் இன்று நம் வீட்டுப் பீரோவில்தான் மிஞ்சியிருக்கிறது.

நெருக்கடி வந்தபோது நாடும் இதே வழிக்குத்தான் வந்தது. 1991இல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர். ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் விமானமேறியது. அதை ஈடாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் கடன் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கடனை அடைத்தார்கள். 2009இல் பன்னாட்டு நாணய நிதியத்திடம் 200 டன் வாங்கவும் செய்தார்கள். 2025 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியின் கையிருப்பு ஏறத்தாழ 880 டன்.

அப்படியானால் தங்கம் நல்ல முதலீடா? 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2008 ஆயிற்று. அன்று வாங்கியவர் 28 வருடம் காத்திருந்தார்; வட்டி ஒரு பைசா வரவில்லை. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் கடை வாசலிலேயே போய்விடும். சம்பாதித்துக் கொடுக்கும் என்று நம்பித் தங்கம் வாங்காதீர்கள். ஆபத்துக்குக் கைகொடுக்கும் என்று வாங்குங்கள். கடன் வாங்கித் தங்கம் வாங்கவே வாங்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அடகு வைப்பதில் வெட்கம் இல்லை, நாடே வைத்திருக்கிறது. நகையை மூழ்க விடுவதுதான் நஷ்டம். வீட்டுக்குப் போனதும் அடகுச் சீட்டை எடுத்து, தவணைத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.