பாட்டும் படிப்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"அண்ணே, பாட்டுக் கேட்டுக்கிட்டே படிக்கலாமா?" இதுதான் தம்பிமார்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. சின்னக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் நம் சூளகிரி, ஓசூர்ப் பக்கத்தில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள் உண்டு. ஒரே அறையில் ஒருவர் தூங்குவார், இன்னொருவர் டி.வி. பார்ப்பார். நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரம் வீணாகலாமா?

வேலைக்குப் பாட்டு துணை என்பது நம் முன்னோர் அறிந்ததே. ஏற்றம் இறைக்கப் பாட்டு, நாற்று நடப் பாட்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், பி.பி.சி. வானொலியும் ஆலைத் தொழிலாளர்களுக்காக 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1967 வரை அது நடந்தது. கைதட்டல் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டை அதில் சேர்க்கவில்லை. கையில் இருக்கும் கருவியாலேயே தொழிலாளர்கள் தாளம் போட ஆரம்பித்துவிடுவார்களே என்ற பயம்தான்!

ஆனால், கை பழகிய வேலை வேறு, படிப்பு வேறு. மனப்பாடம் செய்யும்போது நாம் மனசுக்குள் பேசிக்கொள்கிறோம். வெளியிலிருந்து இன்னொரு குரல் வந்தால் இரண்டும் மோதும். "எனக்குக் கன்னடம் சரியா வராது, அதனால கன்னடப் பாட்டு போட்டா தொந்தரவு இல்ல" என்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் நம் ஊரில் இது நல்ல யோசனையாகத்தான் படும். ஆனால் 1976இல் கோல், வெல்ஷ் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், புரியாத ஜெர்மன் மொழிப் பேச்சுகூட நினைவாற்றலைக் குறைத்தது. 1989இல் சலாமே, பேட்லி இருவரும் பாட்டையும் வாத்திய இசையையும் ஒப்பிட்டார்கள். குரலோடு வரும் பாட்டுதான் அதிகம் கெடுத்தது. வாத்திய இசை அவ்வளவு கெடுக்கவில்லை. அமைதியே முதலிடம் பெற்றது.

"மோசார்ட் கேட்டால் அறிவு வளரும்" என்றும் ஒரு பேச்சு உண்டு. 1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த சோதனையிலிருந்து பிறந்தது அது. அந்த மாணவர்கள் 10 நிமிடம் இசை கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் உருவப் புதிர்களைச் செய்தார்கள். பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, நான் சொல்வது இதுதான். அமைதி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் பேச்சும் டி.வி.யும் ஓயாவிட்டால், அதை மறைக்க மெல்லிய வாத்திய இசை வையுங்கள். வீணை, புல்லாங்குழல் ஆலாபனை, இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' போன்றவை. தெரிந்த சினிமாப் பாட்டைக் குழலில் வாசித்தது வேண்டாம். மனசு தானாக வரியைப் பாட ஆரம்பித்துவிடும். படம் வரைய, நோட்டு எழுத, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க இசை இருக்கட்டும். புதுப் பாடத்துக்கும் மனப்பாடத்துக்கும் நிறுத்திவிடுங்கள். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் அமைதியிலேயே படித்துப் பழகுங்கள். பரீட்சை ஹாலில் யாரும் நமக்கு வீணை வாசிக்கப் போவதில்லை!

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரத்துக்கு அருகிலும், தேசிய நெடுஞ்சாலை 44இல் வண்டி ஓட்டும்போதும் காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் ஹாரனும் லாரி ஹாரனும் காதில் விழ வேண்டும். நீங்கள் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரம் நம் பிள்ளைகளுக்குக் குறைவு. குறைந்த நேரத்தையும் காது வழியாகச் சிதற விடாமல் படித்து முன்னேற வாழ்த்துகிறேன்.