அவுட் என்றால் அவுட்



ஆண்டிமடம் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் பள்ளித் திடல் ஓரமாகப் போனால் வாலிபால் சத்தம் கேட்கும். வலைக்கு இந்தப் பக்கம் ஒன்றிய அலுவலக எழுத்தர், மின்வாரிய வயர்மேன், சிமெண்ட் ஆலையில் காலை ஷிப்ட் முடித்து வந்தவர். அந்தப் பக்கம் ஆசிரியர், ஜீப் ஓட்டுநர், கூட்டுறவுச் சங்கக் காசாளர். ஆடினால் உடம்புக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஆடும்போது அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

அமெரிக்காவில் அலுவலக அணிகள் விரும்பி ஆடுவது சாஃப்ட்பால். 1887-ல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பின் கூடத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகக் கட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆடியதில் பிறந்த விளையாட்டு அது. ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதிகளை வகுத்தார். பந்து பேஸ்பாலைவிடப் பெரியது. கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். மெதுவாக வீசி ஆடும் வகையில் இளைஞரும் நடுவயதுக்காரரும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் நிற்க முடிகிறது.

இந்த விளையாட்டில், அடித்த பந்து வேலியைத் தாண்டினாலும் அடித்தவர் நான்கு தளங்களையும் தொட்டு வந்தால்தான் ஓட்டம் முழுதாகச் சேரும். 2008 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கல்லூரி ஆட்டம். வெஸ்டர்ன் ஓரிகன் அணியின் சாரா டுசோல்ஸ்கி அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. கல்லூரி நாட்களில் அவர் அடித்த முதல் ஹோம் ரன் அதுதான். ஓடும் வேகத்தில் முதல் தளத்தைத் தொடாமல் விட்டுவிட்டார். தொடத் திரும்பியபோது முழங்கால் பிசகிக் கீழே விழுந்தார். சொந்த அணியினர் தூக்கிவிட்டால் அவுட் என்றார் நடுவர். அப்போது எதிரணியின் மல்லோரி ஹோல்ட்மன், "நாங்கள் தூக்கிப் போகலாமா?" என்று கேட்டார். அவரும் லிஸ் வாலஸும் சாராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தளத்திலும் அவர் கால் படும்படி செய்தார்கள். அந்த ஆட்டத்தில் 4-2 என்று தோற்றது தூக்கிய அணிதான். அடுத்த சுற்று வாய்ப்பும் அவர்களுக்குப் போய்விட்டது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1980 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பொன்விழா டெஸ்ட். இந்தியக் கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத், ஸ்டேட் பாங்க் ஊழியர். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து தடுமாறிய நேரத்தில் பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விஸ்வநாத், அவரைத் திரும்ப ஆடக் கூப்பிட்டார். டெய்லரும் சக ஆட்டக்காரர் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் அந்த டெஸ்ட் பற்றிப் பேசும்போதெல்லாம் விஸ்வநாத் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

இந்த நேர்மைக்கு நம் திடலிலும் இடம் உண்டு. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் பெரும்பாலும் பேட்டிங் அணிக்காரர்தான் அம்பயர். மட்டை நுனியில் பட்டு கீப்பரிடம் பந்து போகிறது. அடித்தவர் அலுவலகத்தில் மேலதிகாரி, அம்பயர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். கை தூக்கலாமா? அந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்க வேண்டியவர் அதிகாரிதான். "பட்டுச்சு தம்பி" என்று சொல்லி மட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தால், மறுநாள் கோப்பில் உள்ள தப்பையும் அந்தத் தம்பி பயமில்லாமல் அவரிடம் சொல்வார். வாலிபாலில் பந்து விரலில் உரசி வெளியே போகும்போது, யாரும் கேட்குமுன் "டச்" என்று கை தூக்குவதும் இதே பண்புதான்.

அணி சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பதவியைப் பார்க்காமல், ஆட்டம் தெரிந்தவரைக் கேப்டனாக்குங்கள். அவர் ஓட்டுநராக இருந்தாலும் திடலில் அவர் சொல்வதை வட்டாட்சியரும் கேட்கட்டும். சரியாக ஆடத் தெரியாதவரை ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்தி வைக்காதீர்கள். அவருக்கும் ஓர் ஓவர் கொடுங்கள், சர்வீஸ் போட விடுங்கள். பங்குனி, சித்திரையில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் நாட்களில் பலரால் வர முடியாது. ஷிப்ட் மாறினாலும் அப்படித்தான். அதற்காக யார் பெயரையும் அடிக்காதீர்கள். பெண் ஊழியர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டு வையுங்கள். தோற்றவர்களின் டீக் காசை ஜெயித்தவர்கள் கொடுக்கட்டும்.

தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அரசு ஊழியர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. மாவட்ட அளவில் ஜெயித்தால் மாநில அளவுக்குப் போகலாம். ஆண்டிமடத்து அலுவலகங்களிலிருந்தும் அணிகள் புறப்படட்டும். கோப்பை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும், கேட்கும் முன்பே "டச்" என்று கை தூக்கும் ஆட்கள் நிறைந்த அணி என்ற பெயரோடு திரும்பி வாருங்கள்.