எழுதி வைக்காத அரசியல் சட்டம்

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



போன கூட்டத்தில் ஒரு தோழர், "இங்கிலாந்துக்கு அரசியல் சட்டமே கிடையாதாமே, பின் ஆட்சி எப்படி நடக்கிறது?" என்று சீட்டெழுதிக் கேட்டார். நாம் சட்டப் பரீட்சை கொடுத்தவர்களல்ல. படித்ததையும் நமது புத்திக்குப் பட்டதையும் சொல்லுகிறோம். சரியென்று தோன்றினால் ஏற்றுக் கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளி விடுங்கள்.

அங்கே சட்டமில்லை என்பது தப்பு. ஒரே புத்தகமாகக் கட்டி வைக்கவில்லை என்பதுதான் நிஜம். அது மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

முதலாவது, பார்லிமெண்டு செய்த சட்டங்கள். 1689ம் வருஷத்து உரிமைச் சட்டம், 1701ம் வருஷத்துப் பட்டத்துரிமைச் சட்டம், 1832ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் முதலியவை. இரண்டாவது, ஜட்ஜுகள் சொன்ன தீர்ப்புகள். ஒரு மந்திரியின் உத்தரவைக் கையில் வைத்துக் கொண்டு ராஜாவின் சேவகர்கள் எண்டிக் என்கின்ற எழுத்தாளர் வீட்டில் புகுந்து காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். 1765ல் கோர்ட்டு, "இதற்குச் சட்டம் எங்கே? காட்ட முடியாவிட்டால் நீ செய்தது அத்துமீறல்" என்று சொல்லி விட்டது. மந்திரி சொன்னதால் மட்டும் ஒன்று சட்டமாகி விடாது என்பது இதன் தாத்பரியம்.

மூன்றாவது, வழக்கம். விசித்திரமெல்லாம் இதில்தான் இருக்கிறது. பார்லிமெண்டு நிறைவேற்றிய மசோதாவை மறுக்கும் அதிகாரத்தை ராஜாவிடமிருந்து எந்தச் சட்டமும் பிடுங்கவில்லை. ஆனால் 1708ல் ஆன் ராணி ஒரு மசோதாவை மறுத்த பின் யாரும் மறுக்கவில்லை. அவ்வளவுதான்! பிரதம மந்திரி சாமானியர் சபையில் இருக்க வேண்டுமென்பதும் வழக்கமே. 1963ல் ஒரு பிரபு பிரதம மந்திரியானபோது, தமது பிரபுப் பட்டத்தை விட்டு விட்டுத் தேர்தலில் நின்று வந்தார்.

தோழர்களே! "நல்ல வழக்கந்தானே, எழுதாவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டத்தைச் சொல்லுகிறோம். மூன்று வருஷத்துக்கென்று ஜனங்கள் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டு, 1716ல் தன் ஆயுளைத் தானே ஏழு வருஷமாக நீட்டிக் கொண்டது! யார் தடுப்பது? மேலே சட்டம் இருந்தாலல்லவா? 2011ல், "ஐந்து வருஷத்துக்கு முன் தேர்தல் வைக்கச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும்" என்று ஒரு சட்டம் போட்டார்கள். 2019ல் சாதாரண மெஜாரிட்டியில் வேறொரு சட்டம் போட்டு அதைத் தாண்டினார்கள். 2022ல் அதை எடுத்தே விட்டார்கள். அதே 2019ல் பிரதம மந்திரி பார்லிமெண்டை ஐந்து வாரம் மூடி வைக்க ராணிக்கு யோசனை சொன்னார். சுப்ரீம் கோர்ட்டின் 11 ஜட்ஜுகளும் ஒருமுகமாக அது செல்லாதென்றார்கள். செல்லுமா, செல்லாதா என்பது தீர்ப்பு வரும் வரையில் யாருக்கும் நிச்சயமில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்!

வழக்கத்திற்கு இன்னொரு குணமுண்டு. அது எப்போதும் ஏற்கனவே உட்கார்ந்திருப்பவனுக்கே அனுகூலம். அப்பன் பிரபுவாக இருந்தான் என்ற ஒரே காரணத்தால் மகன் சட்டசபையில் உட்கார்ந்தான். 1909ல் அந்தச் சபை வரவு செலவுத் திட்டத்தையே தள்ளிற்று. அதனால்தான் 1911ல் அதன் கையைக் கட்டினார்கள். 1999ல் 92 பரம்பரைப் பிரபுக்களை மட்டும் விட்டு வைத்து மற்றவர்களை வெளியேற்றினார்கள். பிஷப்புகளுக்கு மாத்திரம் 26 ஆசனங்கள் இன்னும் இருக்கின்றன. ராஜா கத்தோலிக்கராக இருக்கக் கூடாதென்ற விதியும் போகவில்லை. நாடு எல்லோருக்கும் பொது. கிரீடத்துக்கு மட்டும் மதம் என்றால் இது என்ன நியாயம்?

ஆகவே எழுதி விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அவர்களும் ஒருதரம் எழுதிப் பார்த்தவர்களே. 1649ல் ராஜாவின் தலையை எடுத்த பின், 1653ல் கிராம்வெல் காலத்தில் ஒரு அரசியல் சட்டம் எழுதினார்கள். சில வருஷங்களுக்கு மேல் அது நிற்கவில்லை. காரணம், அதைக் காப்பாற்றுவது தங்கள் காரியமென்று ஜனங்கள் நினைக்கவில்லை.

நம் அபிப்பிராயம் இதுதான்: எழுத வேண்டும். குடிமகன் தன் உரிமை இன்னதென்று கையில் எடுத்துப் படிக்கும்படி எழுத வேண்டும். ஒரு நாள் மெஜாரிட்டியில் அழிக்க முடியாதபடியும் எழுத வேண்டும். ஆனால் எழுதியதை வேதமாக்கிக் கும்பிடக் கூடாது. மனிதன் செய்ததை மனிதன் திருத்தலாம் என்ற வாசலைத் திறந்து வைக்க வேண்டும். 1928ல்தான் அங்குப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஓட்டுக் கிடைத்தது. அதுவரை "வெகு காலத்து வழக்கம்" என்றுதான் சொல்லிக் கொண்டிருந்தார்கள். பெண்கள் வழக்கத்தைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்டார்கள்.

வெகு காலமாக இருப்பது என்பது ஒரு பொருளின் வயதைக் காட்டுமே தவிர அதன் நியாயத்தைக் காட்டாது. எந்த அதிகாரத்தைக் கண்டாலும், "உனக்கு இதை யார் கொடுத்தார்கள்? எங்கே எழுதியிருக்கிறது? எப்போது திருப்பி வாங்கலாம்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால், அங்கே சட்டம் இல்லை, மாமூல்தான் இருக்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். இவ்வளவுதான் நாம் சொல்ல வந்தது.